கொப்பரை நெய்யில் எத்தனை யூனிட்?

வேலை செய்யும் தகுதிக்கு ஆற்றல் என்று பெயர். பள்ளிப் பாடத்தின் இந்த விளக்கம் சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு கையில் எதையும் பிடிக்க முடியாது. ஆற்றல் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதுதான் அது இருப்பதே தெரியவரும். அப்படி மாறுவதை ஊரே அண்ணாந்து பார்க்கும் இடம் திருவண்ணாமலை. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயர மலையின் உச்சியில், ஓர் ஆள் உயரக் கொப்பரையில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. அதற்குச் சுமார் 3,500 கிலோ நெய்யும் ஆயிரம் மீட்டர் காடாத் துணித் திரியும் தேவைப்படும். சில ஆண்டுகளில் நெய் இதைவிடக் கூடுவதும் உண்டு. தீபம் 11 நாள்கள் காட்சி தரும்.

அந்தக் கொப்பரையில் இருக்கும் ஆற்றலைக் கணக்கிடுவது கடினமல்ல. ஒரு கிராம் நெய்யில் ஏறக்குறைய 9 கிலோகலோரி உண்டு என்பதை நெய் டப்பாவின் முதுகிலேயே அச்சிட்டிருப்பார்கள். கலோரி, ஜூல், யூனிட் எல்லாம் ஒரே பொருளை அளக்கும் வெவ்வேறு படிகள்தாம். வீட்டு மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அந்தப் படியால் அளந்தால் ஒரு கிலோ நெய்யில் பத்து யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது; 3,500 கிலோவில் 36,000 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டுக்கு இது 30 ஆண்டுக் கணக்கு.

நெய்க்குள் இருக்கும் இந்த வடிவத்துக்கு வேதி ஆற்றல் என்று பெயர். நெய்யிலுள்ள கார்பனும் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறும்போது அது வெப்பமாகவும் ஒளியாகவும் வெளிப்படுகிறது. ஊரெங்கும் தெரிகிற அந்த வெளிச்சம் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. நெய்ச் சுடரில் நூற்றில் ஒரு பங்குகூடக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வருவதில்லை. மற்றதெல்லாம் சூடாகி மலைக் காற்றோடு போய்விடும். எரியாத விளக்கான எல்இடி இந்த வகையில் வெகுதூரம் முன்னேறிவிட்டது. பழைய 60 வாட் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சத்தை அது ஒன்பது பத்து வாட்டில் கொடுத்துவிடுகிறது.

நெய் தானாக உச்சிக்குப் போவதில்லை. டின் டின்னாக ஆள்கள் தோளில் சுமந்து ஏறுகிறார்கள். ஒரு பொருளை உயரத்துக்குக் கொண்டுபோகும்போது அது நிலை ஆற்றலைப் பெறுகிறது. நிறையையும் உயரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கினால் கிடைக்கும் அளவு அது. மலையடிவாரத்திலிருந்து உச்சி ஏறக்குறைய 600 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 3,500 கிலோ நெய் முழுவதும் மேலே போய்ச் சேர்ந்தபின் பெற்றிருக்கும் நிலை ஆற்றல் எவ்வளவு? ஆறு யூனிட்டுக்கும் குறைவு. எரிந்தால் 36,000 யூனிட் தருகிற நெய்யை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு, கணக்குப்படி ஆறு யூனிட் போதும். நம்ப முடியாததுபோல் இருந்தாலும் இயற்கையின் விகிதம் இதுதான். புவியீர்ப்போடு ஒப்பிட்டால் வேதி ஆற்றல் அத்தனை அடர்த்தியானது.

சுமப்பவரின் உடலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 65 கிலோ எடையுள்ளவர் 15 கிலோ டின்னோடு உச்சிக்கு ஏறினால் 112 கிலோகலோரி அளவுக்கு நிலை ஆற்றல் கூடுகிறது. ஆனால் தசைகள் உணவின் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி வியர்வையாக வழியும் வெப்பம். எனவே உடலுக்கு ஆகும் செலவு சுமார் 450 கிலோகலோரி. அது 50 கிராம் நெய். பதினைந்து கிலோ நெய்யை மேலே சேர்க்க, ஐம்பது கிராம் நெய்யின் ஆற்றல்!

பௌர்ணமிக்கு வருபவர்கள் நடக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வேறு வகை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அதில் சுமார் 700 கிலோகலோரி, அதாவது ஒரு டஜன் இட்லி கரையும். கிளம்பிய ராஜகோபுரத்துக்கே திரும்பி வந்துவிடுவதால் நிலை ஆற்றலில் ஒரு ஜூல்கூடக் கூடியிருக்காது. இட்லி முழுவதும் உடல் சூடாகவும் பாதத்துக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலான உராய்வாகவும் போயிற்று. (புண்ணியக் கணக்கு வேறு.)

நிலை ஆற்றல் சின்னதுதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் உயிரிழந்தார்கள். 40 டன் பாறை ஒன்று 100 மீட்டர் உயரத்திலிருந்து உருண்டு வருவதாக வைத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் சுமார் 11 யூனிட். ஒரு கிலோ நெய்யிலும் ஏறக்குறைய அதே அளவுதான். வீட்டு விளக்கில் நெய் அதை மணிக்கணக்கில் செலவழிக்கிறது. பாறை சில நொடிகளில் கொட்டிவிடுகிறது. ஆற்றலை எவ்வளவு வேகத்தில் செலவழிக்கிறோம் என்பதே திறன். அதன் அளவு வாட். பேச்சுவழக்கில் இரண்டையும் ‘சக்தி’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் குழப்பம் வருகிறது. மகாதீபத்தின் 36,000 யூனிட்டும் 11 நாள்களில் சீராகத் தீர்ந்தால் திறன் சராசரியாக 136 கிலோவாட். இரவு பகலாக முழு மூச்சில் ஓடும் ஒரு லாரி என்ஜினுக்குச் சமம்.

பாறை உருளத் தொடங்கியதும் நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாகிறது. அசையும் எதற்கும் இது உண்டு. வேகம் இரட்டித்தால் இந்த ஆற்றல் நான்கு மடங்காகும். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிகளில் பெரிய தேர் மெதுவாகத்தான் நகரும். இருந்தாலும் வடம் பிடித்த ஆயிரம் கைகளும் விட்டுவிட்டால் அது நினைத்த இடத்தில் நின்றுவிடாது. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் அந்த இயக்க ஆற்றலை உராய்வால் வெப்பமாக மாற்றுகிறார்கள். கட்டையைத் தொட்டுப் பார்த்தால் சுடும். கூடவே எழும் கிறீச்சொலியும், மேளமும், வேட்டும் ஒலி ஆற்றல். காதைப் பிளந்தாலும் அளவில் இது அற்பம்.

தென்பெண்ணையின் குறுக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில் 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை நிலை ஆற்றலின் கிடங்கு. முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அணையின் அடியில் 7.5 மெகாவாட் புனல் மின்நிலையம் இருக்கிறது. விழும் நீர் டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. காந்தப் புலத்தில் கம்பிச்சுருள் சுழல்வதால் மின்சாரம் பிறக்கிறது. நிலை, இயக்க, மின் என்று மூன்று வடிவங்கள் ஒரே கட்டடத்துக்குள். முப்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீரிலிருந்து ஒரு யூனிட் எடுக்க 12,000 லிட்டருக்கு மேல் வேண்டும். தெருவில் வரும் ஒரு தண்ணீர் லாரி முழுவதையும் விழவிட்டால் ஒரு யூனிட். அணை ஏன் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இனி மூலங்கள். நெய்யின் ஆற்றல் பாலிலிருந்து வந்தது. ஒரு கிலோ நெய்க்குச் சுமார் 25 லிட்டர் பசும்பால் வேண்டும். பாலின் ஆற்றல் புல்லிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் வந்தது. புல் அதை வெயிலிலிருந்து பிடித்து வைத்தது. இந்தப் பிடிப்பில் பயிர்கள் கஞ்சத்தனமானவை. விழும் வெயிலில் நூற்றுக்கு ஒன்றளவுதான் சேமிக்கும். ஆனால் சேமித்தது கெடாமல் இருக்கும். அரிசிக்குப் பெயர்போன ஆரணியின் ஆலைகளில் நெல் அவிக்கக் கொதிகலனில் போடும் உமி அந்தச் சேமிப்புதான். சர்க்கரை ஆலைகள் எரிக்கும் கரும்புச் சக்கையும், கிராமத்துச் சாண எரிவாயு அடுப்பும் அதே கணக்கில் சேரும். இவற்றை உயிரிப்பொருள் ஆற்றல் என்பார்கள். வெட்டிய கரும்பு அடுத்த ஆண்டு மறுபடி விளையும் என்பதால் இது புதுப்பிக்கத்தக்க மூலம்.

விளைந்து, புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்திக் கிடந்த காடுகள் வேறு ரகம். நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஒரு பொருள் வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி. 1956-இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டு, 1962-இல் அங்கே மின்உற்பத்தி ஆரம்பமாயிற்று. ஒரு கிலோ பழுப்பு நிலக்கரியில் இருப்பது ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம். அதில் மின்சாரமாகக் கம்பியில் ஏறுவது ஒரு யூனிட். மீதி இரண்டும் புகைபோக்கி வழியாகவும் குளிர்விப்புக் கோபுரம் வழியாகவும் வெளியேறும். இது இயந்திரத்தின் கோளாறு மட்டுமல்ல. மின்சாரத்தை முழுவதுமாக வெப்பமாக்கிவிடலாம், ஆனால் வெப்பத்தை முழுவதுமாக மின்சாரமாக்க இயற்கை விதியே அனுமதிப்பதில்லை. கொப்பரை நெய்யை அனல்மின் நிலையத்தில் எரித்திருந்தாலும் முன்பு பார்த்த 200 யூனிட் வீட்டுக்கு 30 ஆண்டு அல்ல, பத்து ஆண்டுதான் ஓடியிருக்கும்.

காற்றும் வெயிலின் பிள்ளை. நிலமும் கடலும் ஒரே அளவாகச் சூடாகாததால் காற்று நகர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்று முப்பந்தலின் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. தமிழ்நாட்டின் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்றின் வேகம் இரட்டித்தால் கிடைக்கும் மின்திறன் எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒன்றாகும். அதனால்தான் காற்றாலைக்குக் கணவாய் தேடிப் போகிறார்கள். சாத்தனூருக்கு வரும் மழைநீரைக் கடலிலிருந்து மேகமாகத் தூக்கியதும் வெயில்தான்.

இத்தனை இடைத்தரகர்கள் இல்லாமல் வெயிலை நேராகவே வாங்கலாம். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய ஒரு கிலோவாட் விழுகிறது. இன்றைய சூரியத் தகடுகள் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகின்றன. புல்லைவிட இருபது மடங்கு கெட்டி. ஒரு கிலோவாட் தகடுகளுக்கு 100 சதுர அடி மொட்டைமாடி போதும். நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 மானியம் உண்டு. வெயிலை மின்சாரமாக்காமல் வெப்பமாகவும் பயன்படுத்தலாம். திருவண்ணாமலைக்குக் கிழக்கே ஆரோவில்லின் சமையற்கூடக் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் வெயிலைக் குவித்து, சோறு வேகவைக்க நீராவி தருவதற்காக அமைக்கப்பட்டது. இரவில் வெயில் இல்லை என்பது மட்டும்தான் இதன் குறை, அதுவும் சின்னக் குறை அல்ல.

சூரியனுக்கு இந்த ஆற்றல் எரிவதால் வருவதில்லை. அதன் மையத்தில் ஹைட்ரஜன் கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அப்போது நொடிக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் பருப்பொருள் ஆற்றலாக மாறுகிறது. பூமியில் அணுக்கரு ஆற்றலை எடுப்பது எதிர்வழியில்: கனமான யுரேனியக் கருவைப் பிளந்து. 1984 முதல் மின்சாரம் தரும் கல்பாக்கமும் பின்னால் வந்த கூடங்குளமும் இந்த வகை. பிளவுபடும் யுரேனியம் ஒரு கிலோ முழுவதும் பிளந்தால் இரண்டு கோடி யூனிட்டுக்கு மேல் வெப்பம் வரும். ஒரு கிலோ நெய்யின் பத்து யூனிட்டோடு இதை வைத்துப் பார்க்கலாம். நெய் நிலை ஆற்றலை எவ்வளவு தூரம் மிஞ்சியதோ, அதைவிடப் பன்மடங்கு தூரம் அணுக்கரு நெய்யை மிஞ்சுகிறது. சூரியனுக்குக் கடன்படாத மூலங்கள் யுரேனியத்தோடு இன்னும் இரண்டே: பூமியின் உள்வெப்பமும், பௌர்ணமிக் கூட்டத்தை வரவழைக்கும் நிலா கடலில் எழுப்புகிற ஓதமும்.

பதினொரு நாள் கழித்துக் கொப்பரை கீழே இறங்குகிறது. அதில் படிந்த மை, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தப்பட்டபின் பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கப்படுகிறது. வேதியியல் கணக்கில் அந்த மை, ஆக்சிஜன் போதாமல் எரியாது நின்றுபோன கார்பன். 36,000 யூனிட்டில் வெளிப்படாத ஒரு துளி இன்னும் அந்தப் பொட்டலத்தில் இருக்கிறது.