படுக்கவைத்தால் பலம் போகும்: தள்ளாத வயசுக்கும் இப்போ வைத்தியம் இருக்கு!

புதுக்கோட்டை:

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க. பத்து நாள் படுக்கையில கிடந்தாங்க. அதுக்கப்புறம் எந்திரிக்கவே இல்ல."

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊர் துக்க வீட்டுக்குப் போனாலும் இந்த மூணு வரியைக் கேட்கலாம். கேட்பவர்களும் "வயசாயிடுச்சுல்ல, அவ்ளோதான்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

ஆனால் "அவ்ளோதான்" என்பது தப்பு என்கிறது இன்றைய முதியோர் மருத்துவம். கீழே விழுந்தது பாதி காரணம்தான். விழுந்தவரை அசையாமல் படுக்கவைத்தது மீதி காரணம். தள்ளாமை என்பது விதி இல்லை. அது அளந்து பார்க்கக்கூடிய ஒரு உடல் கோளாறு. பலருக்கு அதை ஓரளவு திருப்பவும் முடியும்.

சைக்கிள் மிதித்த கால்கள்

1990-களின் தொடக்கத்தில் நாடே திரும்பிப் பார்த்த மாவட்டம் புதுக்கோட்டை. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்து சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. வயல் வேலைக்கும் கல் குவாரிக்கும் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள்.

அன்றைக்கு 35 வயதில் பெடல் மிதித்த அக்காக்களுக்கு இன்றைக்கு வயது 70-ஐ ஒட்டி இருக்கும். பல வீடுகளில் மகன் சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கிறார். மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறார். வீட்டில் அப்பத்தா தனி ஆள். அந்தக் கால்கள் இப்போது வாசல்படி ஏறவே யோசிக்கின்றன. அந்தக் கால்களுக்குத் திரும்ப பலம் வருமா? வரும்.

5 அறிகுறிகள்

டாக்டர்கள் இந்தத் தளர்ச்சியை 'பிரெய்ல்டி' என்கிறார்கள். அமெரிக்க டாக்டர் லிண்டா பிரைட் தலைமையிலான குழு 2001-ம் ஆண்டு இதற்கு 5 அறிகுறிகளை வகுத்தது.

* முயற்சி எதுவும் செய்யாமலே ஒரு வருடத்தில் நாலைந்து கிலோ எடை குறைவது.
* எந்நேரமும் களைப்பு, எதைச் செய்யவும் தெம்பில்லாத நிலை.
* கைப்பிடி பலம் குறைவது.
* நடை மெதுவாவது.
* நடமாட்டமே குறைந்துபோவது.

இதில் 3 இருந்தால் தளர்ச்சி என்று அர்த்தம். 1 அல்லது 2 இருந்தால் அதற்கு முந்தைய கட்டம். அந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் திருப்புவது சுலபம்.

தளர்ந்தவருக்கு என்ன ஆபத்து? இளவட்டத்துக்கு மூணு நாள் காய்ச்சல் வந்தால் நாலாம் நாள் வேலைக்குப் போய்விடுவார். தளர்ந்தவருக்கு அதே காய்ச்சல் வந்தால் படுக்கையில் தள்ளிவிடும். உடம்பில் கையிருப்பு இல்லை. அதுதான் வித்தியாசம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஒரு நாற்காலியைப் போட்டு, அதிலிருந்து 10 அடி தூரத்தில், அதாவது 3 மீட்டரில், சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். கைத்தடி வைத்திருப்பவர் கைத்தடியோடே நடக்கலாம். செல்போனில் நேரம் பாருங்கள். 12 வினாடிக்கு மேல் ஆனால் கீழே விழும் ஆபத்து இருக்கிறது, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உஷார்: சோதனை நடக்கும்போது கூட ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

90 வயதிலும் பலம் வந்தது

'தொண்ணூறு வயசுல எக்சர்சைஸா?' என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேருக்கு கால்களுக்கு எடை கட்டித் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சராசரி வயது 90. 8 வாரத்தை முடித்த 9 பேருக்கும் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது முன்பு இருந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். இந்த முடிவு 1990-ல் வெளியானது.

அடுத்து 2014-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 70 முதல் 89 வயது வரை உள்ள 1,635 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு நடைப்பயிற்சியும் கால் பயிற்சியும். மறு பாதிக்கு ஆரோக்கிய வகுப்பு மட்டும். சராசரியாக இரண்டரை வருடம் கழித்துப் பார்த்தபோது, நடக்க முடியாமல் போகும் ஆபத்து பயிற்சி செய்தவர்களுக்கு 18 சதவீதம் குறைவாக இருந்தது.

இதற்கு மெஷின் எதுவும் தேவையில்லை. கை வைக்காத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, உட்கார்ந்து எழுவதே நல்ல பயிற்சி. ஒரு வேளைக்கு 5 தடவையில் ஆரம்பித்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

10 நாளில் 1 கிலோ தசை

இதற்கு நேர் எதிரான ஆய்வும் உண்டு. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த வயதானவர்கள் 12 பேரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். நோய் எதுவும் இல்லை, படுத்திருந்தது மட்டும்தான். 10 நாளில் கால்களில் இருந்து சராசரியாக 1 கிலோவுக்கு நெருக்கமாகத் தசை கரைந்துபோனது. இது 2007-ல் வெளியான முடிவு.

நல்ல உடம்புக்கே இந்தக் கதி என்றால், காய்ச்சலோடு கிடக்கும் அப்பத்தாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். படுக்கைப் புண், நுரையீரலில் சளி கட்டுவது, காலில் ரத்தம் உறைவது எல்லாமே படுக்கையைப் பிடித்துக்கொண்டு வரும் தொல்லைகள்.

லண்டனில் 1935-ம் ஆண்டு டாக்டர் மார்ஜரி வாரன் என்ற பெண்மணி இதைத்தான் முதலில் கண்டுகொண்டார். 'இனி தேறாது' என்று படுக்கையிலேயே விடப்பட்டிருந்த முதியவர்கள் அவர் பொறுப்பில் வந்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து, எழுப்பி உட்காரவைத்து, நடக்கவைத்தார். பலர் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவத்தின் தாய் என்று அவரைச் சொல்கிறார்கள்.

இடுப்பு எலும்பு முறிந்தால்...

"இந்த வயசுல ஆபரேசன் தாங்குமா? கட்டு போட்டுப் படுக்கவைப்போம்" என்பதுதான் நம்ம ஊர் வழக்கம். இங்கேதான் பெரிய மாற்றம் வந்திருக்கிறது.

இடுப்பு எலும்பு முறிந்த முதியவருக்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றோ மறுநாளோ ஆபரேசன் செய்ய வேண்டும், ஆபரேசனுக்கு அடுத்த நாளே எழுப்ப வேண்டும் என்று இங்கிலாந்தில் 2011-ல் வழிகாட்டுதல் கொடுத்தார்கள். எலும்பு டாக்டரும் முதியோர் டாக்டரும் சேர்ந்து பார்க்கும் முறையும் வந்தது. வயதுக்காக ஆபரேசனைத் தள்ளிப்போடுவதைவிட, தள்ளிப்போட்டுப் படுக்கவைப்பதில்தான் பெரும்பாலும் ஆபத்து அதிகம். எனவே விழுந்தவருக்கு இடுப்பில் வலி, காலை ஊன்ற முடியவில்லை என்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ராத்திரியில் உளறினால் பேய் அல்ல

ஆஸ்பத்திரியில் சேர்த்த ரெண்டாம் நாள் ராத்திரி. செத்துப்போன அய்யாவைக் கூப்பிடுகிறார், ஊசியைப் பிடுங்குகிறார், மகனையே யாரென்று கேட்கிறார். சொந்தக்காரர்கள் பயந்து மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள்.

இது திடீர் மனக்குழப்பம். கிருமித் தொற்று, தண்ணீர் வற்றிப்போவது, மலச்சிக்கல், தூக்கமின்மை, ஏதாவது மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம். இது அவசரம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அமெரிக்க டாக்டர் ஷரோன் இனோய் 852 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 1999-ல் வந்தது. மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுவது, தண்ணீர் கொடுப்பது, தினமும் நடக்கவைப்பது, ராத்திரி தூங்கவிடுவது, இன்றைக்கு என்ன கிழமை என்று பேச்சுக் கொடுப்பது. இவ்வளவுதான் சிகிச்சை. குழப்பம் வந்தவர்கள் 15 சதவீதத்தில் இருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தார்கள். துணைக்குப் படுத்திருக்கும் மகளோ மருமகளோ செய்யக்கூடிய வேலைதான் இது.

மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

சுகருக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு ஒரு டாக்டர், மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை, தூக்கம் வர ஒன்று. எல்லாம் சேர்ந்தால் தலைசுற்றல், அப்புறம் விழுவது. முதியவர்களுக்கு ஆகாத மருந்துகள் எவை என்று அமெரிக்க டாக்டர் மார்க் பீர்ஸ் குழு 1991-லேயே பட்டியல் போட்டது. அந்தப் பட்டியல் இன்றுவரை திருத்தப்பட்டு வருகிறது.

எனவே வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். "எது வேணும், எது வேணாம்?" என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கஞ்சி மட்டும் போதாது

"வயசானவங்களுக்கு எதுக்கு முட்டை?" என்பதும் தப்பு. தசைக்குப் புரதம் வேண்டும். தினம் ஒரு முட்டை, ரேசன் துவரம் பருப்பு, சுண்டல், மீன், மோர் இவையே போதும். பல் இல்லாதவருக்கு மசித்துக் கொடுங்கள். கிட்னி கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

நம்ம தமிழ்நாடு முன்னோடி

இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு விதை போட்டது சென்னை அரசு பொது மருத்துவமனை. டாக்டர் வ.செ.நடராஜன் 1978-ல் அங்கே முதியோருக்குத் தனி புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். 1988-ல் தனி வார்டு வந்தது. 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படிப்பு வந்தது. அவருக்கு 2012-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது.

சென்னை தூரம்தான். ஆனால் புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓ.பி. சீட்டு போடும்போதே முதியோருக்கு எந்தப் பிரிவு, எந்த நாள் என்று கேளுங்கள். பிசியோதெரபி பிரிவையும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் உண்டு. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். பிசியோதெரபியும், தேறாத நிலையில் இருப்பவர்களுக்கு வலி குறைக்கும் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து கொடுப்பது இத்திட்டத்தில் அடக்கம். மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், "கால் பயிற்சி சொல்லித்தர ஆள் வருவாங்களா?" என்றும் கேட்க வேண்டும். யோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567.

எல்லோரும் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ரொம்பத் தளர்ந்தவருக்கு ஊசிமேல் ஊசி குத்துவதைவிட வலியில்லாமல், மரியாதையாகப் பார்த்துக்கொள்வதே நல்ல வைத்தியம். ஆனால் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வயதை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது

* பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.
* ராத்திரி எரிய ஒரு சின்ன பல்பு.
* வழுக்காத செருப்பு. தடுக்கிவிடும் கால்மிதி வேண்டாம்.
* கண்புரை இருந்தால் ஆபரேசன்.

வெளிநாட்டில் இருக்கும் மகன்களுக்கும் ஒரு வார்த்தை. போன் போட்டதும் "அம்மா, மாத்திரை சாப்பிட்டியா?" என்று கேட்கிறீர்கள். நல்லதுதான். கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இன்னைக்கு எத்தனை தடவை எந்திரிச்சு நடந்த?"