பெட்டியில் 250, சுவரில் 30

பிளேன்டியைக் குடியுங்கள் தம்பி, ஆறிவிடும். வெல்டிங் பிளாண்ட் வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்டீர்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டு விஷயம். என்ன ஒட்டப் போகிறீர்கள்? வீட்டுக்கு எவ்வளவு கரண்ட் வருகிறது? ஹார்ட்வெயர் கடையில் இந்த இரண்டையும் யாரும் கேட்க மாட்டார்கள். "200 இருக்கு, 250 இருக்கு, 300ம் இருக்கு" என்று பெட்டிகளை இறக்கி வைப்பார்கள். எண் ஏறுகிற அளவுக்கு விலை ஏறாது. வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரியதாகவே வாங்கிவிடுவோம் என்று மனசு சொல்லும்.

முதலில் வேலையைப் பார்ப்போம். பல்லேபொலப் பக்கம் வீட்டுக் கொட்டிலில் ஒருவர் ஆசைக்குச் செய்யக்கூடியது என்ன? சின்ன கேட், ஜன்னல் கிரில், கோழிக்கூடு, மிளகு காயப்போடுகிற தட்டுக்கு ஒரு சட்டம், பூச்சாடி ஸ்டாண்ட், கழன்ற மண்வெட்டிப் பூண். பொக்ஸ் பார் என்றால் சுவர் கனம் ஒன்றேகால் மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை. அங்கில் அயன் என்றால் 3 முதல் 5. இதற்கெல்லாம் 2.5 மில்லிமீட்டர் ரொட் போதும். அது 60 முதல் 90 ஆம்பியரில் அழகாக எரியும். எப்போதாவது கனமான தகடு வந்தால் 3.2 ரொட், 100 முதல் 130 ஆம்பியர். அதற்கு மேல் உங்களுக்கு வேலையே இல்லை.

அடுத்தது சுவர். நம் வீடுகளுக்கு மின்சார சபை கொடுத்திருப்பது பெரும்பாலும் சிங்கிள் பேஸ், 230 வோல்ட், 30 ஆம்பியர். பெருக்கினால் 6,900 வாட். ஃபிரிட்ஜ், தண்ணி மோட்டர், ரைஸ் குக்கர் எல்லாம் அதற்குள்தான்.

இப்போது அந்த 250 ஆம்பியர் பெட்டி. ரொட் வெல்டிங்கில் நெருப்பின் இரு முனைக்கும் இடையில் எத்தனை வோல்ட் என்பதற்கு, மெஷின்களைச் சோதிக்கிற சர்வதேசத் தரத்திலேயே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆம்பியரை 0.04ஆல் பெருக்கி 20ஐக் கூட்ட வேண்டும். 250 ஆம்பியருக்கு 30 வோல்ட் வரும். 250ஐ 30ஆல் பெருக்கினால் 7,500 வாட். ரொட் நுனியில் மட்டும் அவ்வளவு. மெஷினுக்குள் சூடாகி வீணாவதை நான் சேர்க்கவே இல்லை. உங்கள் வீட்டுக்கு மொத்தமாக வருவதே 6,900. அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்தது? கைக்கு அடக்கமான ரேடியோப் பெட்டியில் 5,000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்களே, அங்கிருந்துதான். சில மெஷின்களில் குமிழைக் கடைசிவரை திருகினாலும் உள்ளபடி 140ஐத் தாண்டாது.

அதே கணக்கை 80 ஆம்பியருக்குப் போடுங்கள். 23.2 வோல்ட், சுமார் 1,850 வாட். உள்ளே வீணாவதையும், மலிவு மெஷின்களின் மோசமான பவர் ஃபாக்டரையும் சேர்த்தால் சுவரிலிருந்து 14, 15 ஆம்பியர் இழுக்கும். வீடு தாங்கும். 160ல் ஓட்டினால் 32 ஆம்பியர் அளவுக்குப் போய் மெயின் பிரேக்கரையே தொட்டுவிடும். ஆகவே உங்களுக்கான மெஷின் உண்மையாகவே 140 அல்லது 160 தருகிற ஒன்று.

உண்மையாகவே என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியின் வர்ணப்படத்தை விட்டுவிட்டு மெஷினைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். கட்டம் கட்டமாக ஆங்கில எழுத்துகள் இருக்கும். எக்ஸ் என்ற வரிசையில் சதவீதம். அதன் கீழே ஐ2, அதாவது ரொட்டுக்குப் போகிற ஆம்பியர். எக்ஸ் என்பது 10 நிமிடத்தில் எத்தனை நிமிடம் விடாமல் ஒட்டலாம் என்ற கணக்கு. அதுவும் சுற்றியுள்ள காற்று 40 பாகை சூட்டில் இருக்கும்போது. ஒரு தகட்டில் 20 சதவீதத்துக்கு 160, 60 சதவீதத்துக்கு 92, 100 சதவீதத்துக்கு 71 என்று போட்டிருந்தால் அது நாணயமான தகடு. 160ல் 2 நிமிடம் ஒட்டினால் 8 நிமிடம் ஆறவிட வேண்டும்; 92ல் 6 நிமிடம் ஒட்டலாம். நமக்குத் தேவையான 80 ஆம்பியரில் அது களைக்கவே களைக்காது, ஏனென்றால் ஒரு ரொட் எரிந்து முடிய ஒரு நிமிடம்தான் ஆகும். பிறகு சிலேக்கைத் தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த ரொட்டை மாட்டுவதற்குள் மெஷினுக்கு ஓய்வு கிடைத்துவிடும். அதே தகட்டில் ஐ1 மேக்ஸ் என்று இன்னொரு கட்டம் உண்டு. சுவரிலிருந்து இழுக்கிற உச்சம் அது. 250 என்று பெயர் வைத்துவிட்டு அங்கே 25 என்று எழுதியிருந்தால் பொய் தகட்டிலேயே தெரிந்துவிடும். தகடே இல்லாத மெஷினை என்ன விலை சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

பழைய டிரான்ஸ்ஃபோமர் பிளாண்ட் நல்லதா, இப்போது வருகிற இன்வேர்ட்டர் நல்லதா என்று ஊரில் முடியாத சண்டை ஒன்று இருக்கிறது. டிரான்ஸ்ஃபோமர் என்பது செம்புக் கம்பியும் இரும்புத் தகடும் அடைத்த பாரம். தூக்க இரண்டு பேர் வேண்டும். 50 ஹேர்ட்ஸ் கரண்ட்டை அப்படியே குறைக்கிறது. இன்வேர்ட்டர் வேறு வழியில் போகிறது. வந்த கரண்ட்டை முதலில் டீசீ ஆக்கி, விநாடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி, பிறகு டிரான்ஸ்ஃபோமருக்கு அனுப்புகிறது. அலை வேகமாக மாறினால் சின்ன டிரான்ஸ்ஃபோமரே அதே சக்தியைக் கடத்திவிடும். அதனால்தான் ஐந்தாறு கிலோவில், தோளில் மாட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. வெளியே வருவதும் டீசீ. ரொட் ஒட்டிக்கொள்ளாமல் சீராக எரியும், பழகுகிற கைக்கு இது பெரிய உதவி. அதே 80 ஆம்பியருக்கு 70 வோல்ட்டில் நிற்கிற பழைய டிரான்ஸ்ஃபோமர் சுவரிலிருந்து 24 ஆம்பியர் வரை இழுக்கும். பக்கத்து வீட்டு டீவி ஆடுவது அதனால்தான்.

டிரான்ஸ்ஃபோமர்காரர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அது எரிந்தால் மோட்டருக்குக் கொயில் கட்டுகிறவரே திரும்பக் கட்டித் தந்துவிடுவார். இன்வேர்ட்டரின் போர்ட் போனால் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் வேண்டும், பார்ட்ஸ் வேண்டும். 2022இல் டொலர் ஏறியபோது பார்ட்ஸ் தேடி அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இருந்தும் வீட்டுக்கு என்றால் நான் இன்வேர்ட்டர் பக்கம்தான். ஆனால் மாத்தளையிலோ தம்புள்ளையிலோ திருத்தித் தர ஆள் இருக்கிற மாடலாக வாங்குங்கள். அது இன்னும் 50 ஆம்பியர் அதிகம் கிடைப்பதைவிடப் பெறுமதி. கிரைண்டர் போடுகிற இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். உள்ளே இருக்கிற ஃபேன் இரும்புத் தூளை இழுத்து போர்ட்டில் படியவைக்கும். வேலை இல்லாத நாளில் மூடி வையுங்கள். பல்லி உள்ளே போய் இரண்டு காலையும் இரண்டு கம்பியில் வைத்தால் கதை முடிந்தது.

மிக், டிக் பற்றி யூடியூப்பில் பார்த்திருப்பீர்கள். வாகன பொடிக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தகட்டுக்கு, மிக்தான் சரி. ரொட்டால் போனால் ஓட்டை விழும். ஆனால் காஸ் சிலிண்டர், அதை நிரப்புகிற இடம், நிரப்புகிற செலவு எல்லாம் சேரும். திறந்த கொட்டிலில் காற்று அடித்தால் காஸ் கலைந்து வெல்ட் பொரிபொரியாக வரும். காஸ் இல்லாமல் மருந்து வைத்த வயரில் ஓடுகிற மிக்கும் உண்டு. மோசமில்லை, வயர்தான் விலை. டிக் அழகு, நிதானம், ஆர்கன் செலவு. முதல் மெஷினுக்கு இரண்டையும் விடுங்கள்.

ரொட்டுக்கு வருகிறேன். 6013 கேளுங்கள். முதல் இரண்டு எண், வெல்டின் இழுவை பலம் ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல் என்பதைச் சொல்கிறது. அடுத்த 1, எந்தப் பக்கம் பார்த்தும் ஒட்டலாம் என்பது. கடைசி 3, மேலே பூசிய மருந்தின் வகை. அந்த மருந்துதான் எல்லாமே. வெறும் கம்பியால் ஒட்டினால் காற்று கலந்து நுரைத்துப் போகும். கப்பல் பொயிலர்களின் கசிவை அடைக்கப் போய் இந்தச் சிக்கலில் மாட்டிய சுவீடன்காரர் ஒஸ்கார் ஷெல்பெரி, கம்பியை மருந்தில் தோய்க்கத் தொடங்கினார்; 1904இல் அவர் ஆரம்பித்த கம்பனிதான் இன்றைய ஈசாப். மருந்து எரிந்து புகையாய் மூடும், உருகிய இரும்பின் மேல் சிலேக்காய்ப் படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மருந்து ஈரம் இழுத்துக்கொள்ளும், ரொட் பொரிந்து தெறிக்கும். பிஸ்கட் டின்னில் போட்டு இறுக்கி மூடி வையுங்கள். 7018 பலம் என்று யாராவது சொல்வார்கள். பலம்தான், ஆனால் ஈரம் பட்டால் 250 பாகைக்கு மேல் சுட்டுக் காயவைக்க வேண்டிய ரொட் அது.

வயரிங் வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். சதுர முள் பிளக்குக்குள் இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ். நாம் இழுப்பது அதற்கு மேல். ஒருநாள் தாங்கும், பிறகு பிளக் பேஸ் பழுத்துக் கருகும். போர்ட்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன், தனி பிரேக்கர் போடச் சொல்லுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். 20 மீட்டர் நீளமுள்ள 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 15 ஆம்பியர் போனால் 10 வோல்ட் வழியிலேயே தொலையும். 150 வாட் வயரைச் சுடவைக்கும். சுற்றியபடியே வைத்தால் உருகும். மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை ஊரே கரண்ட் பாவிக்கிற நேரம், வோல்ட் இறங்கும். பகலில் ஒட்டுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, ஷொக் அடித்தால் விழுந்துவிடும் என்று நினைப்போம். மெஷினுக்குள் டிரான்ஸ்ஃபோமர் இருப்பதால் ரொட் பக்கத்துக் கரண்ட் சுவர்ப் பக்கத்திலிருந்து பிரிந்து நிற்கிறது. ஹோல்டரில் அடித்தால் ட்ரிப் சுவிட்சுக்குத் தெரியவே தெரியாது. ஒட்டாமல் சும்மா நிற்கும்போது ஹோல்டரில் 60, 70 வோல்ட் இருக்கும். காய்ந்த கையுறை, காய்ந்த தோல் சப்பாத்து. ரப்பர் செருப்போடு ஈர மண்ணில் நின்று ஒட்டுகிறவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள்.

சின்ன மெஷினால் மிஞ்சுகிற காசை முகமூடியில் போடுங்கள். தானாகக் கறுக்கிற ஹெல்மட், 10 அல்லது 11ஆம் இலக்கக் கறுப்பு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒட்டினால் அப்போது ஒன்றும் தெரியாது. நடுராத்திரியில் எழுந்து கண்ணுக்குள் மணல் கொட்டிய மாதிரி உருளுவீர்கள். ஜீஐ பைப்பை ஒட்டினால் வெள்ளைப் புகை வரும், அது நாகம். இரவில் குளிரும் காய்ச்சலும் கொண்டுவரும். பால் குடித்தால் சரி என்பது நம்பிக்கை மட்டுமே. இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் நின்று ஒட்டுங்கள்.

கடையில் காசு கொடுக்குமுன் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு துண்டு பொக்ஸ் பார், 2.5 ரொட், 75 ஆம்பியர். தீக்குச்சி கிழிக்கிற மாதிரி இழுத்ததும் பற்ற வேண்டும். சத்தத்தைக் கேளுங்கள்: எண்ணெயில் மீன் பொரிகிற சீரான சத்தம் வர வேண்டும், விட்டு விட்டு வந்தால் கரண்ட் ஆடுகிறது. பளீரென்ற வெளிச்சத்தைப் பார்க்காமல் அதன் பின்னால் தேங்குகிற உருகிய குட்டையைப் பாருங்கள், ஹெல்மட் போட்டுக்கொண்டுதான். மூன்று ரொட் விடாமல் எரித்த பிறகும் ஃபேன் சுற்ற வேண்டும், மஞ்சள் லைட் எரியக்கூடாது. செக்கண்ட் ஹேண்ட் என்றால் ஐந்து ரொட்.

மெஷின் வீட்டுக்கு வந்த அன்றே ஊருக்குத் தெரிந்துவிடும். அண்ணே, அக்கா என்று ஒவ்வொருவராக உடைந்த கதிரை, கழன்ற கேட் பூட்டு கொண்டுவருவார்கள். செய்து கொடுங்கள், கை பழகும். லேண்ட்மாஸ்டர் டிரெயிலரின் இழுவைக் கொக்கி வந்தால் வாங்காதீர்கள். ரோட்டில் பாரத்தோடு கழன்றால் பின்னால் வருகிறவர் மேல்தான் ஏறும், அது தொழில்காரருடைய வேலை. பிறகு ஒருவர் மோட்டர் சைக்கிளின் பெற்றோல் டேங்கோடு வருவார். ஊசி ஓட்டைதான், நல்லாக் கழுவிட்டேன், மணமே இல்லை என்பார். எத்தனை தரம் கழுவினாலும் மடிப்புகளில் ஆவி தங்கியிருக்கும். டேங்கை வாங்கி உள்ளே வைக்கக்கூட வேண்டாம், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.