மலைப் பள்ளிகளில் மாணவர் நலம்

சேர்வராயன் மலைச் சிற்றூர்கள் காப்பித் தோட்டங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. ஆகவே மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் குழந்தைகள் பலர் அரசினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் பயில்கின்றனர். சுவரும் விளக்கும் கழிப்பிடமும் செம்மையாக இருத்தல் வேண்டுமென்பதை எவரும் ஒப்புவர். குழந்தையின் மனத்தைப் பற்றியோ நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை.

விடுமுறைக்கு வந்த சிறுவன் பள்ளிக்குத் திரும்ப மறுத்தால், சோம்பல் என்று கருதி அடித்தனுப்புகிறோம். காரணம் வீட்டு ஏக்கமாயிருக்கலாம். மூத்த மாணவரின் தொல்லையாயிருக்கலாம். அதனினும் கொடியதாகவும் இருக்கலாம். பொறுமையுடன் கேட்டறிதலே முறை. பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடுக்கிறது.

பாலியல் கொடுமை நிகழ்ந்ததெனத் தெரியவந்தால், பஞ்சாயத்தில் பேசி முடித்துவிட எவருக்கும் அதிகாரமில்லை. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் போலீசாரிடம் தெரிவித்தே ஆகவேண்டும். ஊர் மானம் எனச் சொல்லி மறைப்பதும் குற்றமே. குழந்தைகளும் பெரியோரும் 1098 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருடன் உள்ளாட்சி அங்கத்தினர்களுக்கும் சட்டம் இடமளித்துள்ளது. அங்கத்தினர்கள் கையெழுத்திட்டுத் திரும்பிவிடாமல், குழுவிலுள்ள தாய்மார்களுடன் விடுதிக்குச் சென்று பிள்ளைகளின் குறைகளைக் கேட்பார்களாக. பெண் குழந்தைகளிடம் தாய்மார்களே பேசுதல் நலம்.