மின்கலம் சொல்லும் கணக்கு

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அதுகாறும் நகரத்து அலுவலகங்களில் மட்டுமே கண்ட பொருள் வத்திராயிருப்பு வட்டாரத்து உழவர் இல்லங்களிலும் புகுந்தது. பொருள் வந்ததே யொழிய, அதன் பழுதறியும் முறை உடன் வரவில்லை. மின்னேற்றியைச் செருகியும் மின்னேறவில்லை என்று திரை காட்டிய அன்றே, மின்கலம் போயிற்றெனத் தீர்ப்பளித்து, திருவில்லிபுத்தூருக்கோ இராசபாளையத்துக்கோ பேருந்தேறும் மாணவரை நாம் காண்கிறோம். ஏழைப் பெற்றோரின் பணம் வீணாகும் அத்தீர்ப்பு பல வேளைகளில் அவசரத் தீர்ப்பே.

திரையில் தோன்றும் விழுக்காடு மின்கலத்திலிருந்து நேரே வருவதன்று. மின்கலப் பொதிக்குள் உள்ள சிறு சில்லு, உட்புகும் மின்னையும் வெளியேறும் மின்னையும் அளந்து வரவு செலவு எழுதுகிறது. தாய்ப்பலகையில் உள்ள கட்டுப்படுத்தி அக்கணக்கைப் படிக்கிறது. பின்னர் ஏசிபிஐ என்னும் பொது மரபின்வழி அஃது இயங்குதளத்தை அடைகிறது. (இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை 1996-இல் வகுத்த மரபு இது.) அங்கே 'டிரைவர்' எனப்படும் இயக்கி மென்பொருள் அதனை நமக்கு மொழிபெயர்த்துரைக்கிறது. இத்தனை வாய் மாறி வரும் செய்தியில் எவ்வாய் பிழைத்தது என்பதே வினா. மின்னேற்றி செருகப்பட்டுள்ளதா என்பதும், மின்கலம் ஏறுகிறதா என்பதும் தனித்தனியே கேட்கப்படும் இரு கேள்விகள். ஆதலின் இரு விடைகளும் முரண்படக் கூடும்.

மின்கலத்தைக் கழற்றத்தக்க பழைய கணினியாயின், அதனை அணைத்து, மின்கலத்தை நீக்கி, மின்னேற்றியை மட்டும் இணைத்து இயக்குக. இயங்காவிடில் மின்னேற்றியையோ, அதன் வடத்தையோ, செருகுதுளையையோ ஐயுறலாம். இயங்கினும் மின்னேற்றி குற்றமற்றதென்று கொள்ள வேண்டா. டெல் போன்ற சில கணினிகளில், தன் திறன் இத்தனை வாட் என அறிவிக்கும் சில்லொன்று மின்னேற்றியிலேயே உண்டு. அச்செய்தி செல்லும் மெல்லிய கம்பி அறுந்தால், கணினி ஓடும், மின்கலமோ ஏறாது.

அடுத்து இயக்கியைச் சோதிப்போம். எல்காட் வழி வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் தீண்டாது விட்ட அந்த லினக்ஸ் இங்கே இரண்டாம் சாட்சியாகிறது. இரண்டும் ஒன்றையே உரைத்தால் பழுது பெரும்பாலும் வன்பொருளில். விண்டோஸ் மட்டும் பிறழ உரைத்தால் அதன் இயக்கியில். அப்போது 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் 'பேட்டரீஸ்' என்பதன்கீழ் உள்ள ஏசிபிஐ மின்கலப் பதிவை நீக்கி, கணினியை மீளத் தொடங்கினால், விண்டோஸ் தானே அதனைப் புதிதாக நிறுவிக்கொள்ளும். செலவு ஒரு காசுமில்லை.

எண்பது விழுக்காட்டில் ஏற்றம் நிற்பது நோயன்று. மின்கலத்தின் ஆயுளைக் காக்கும் அமைப்பாக இருக்கலாம்.

நூறு விழுக்காடு எனக் காட்டியும் அரைமணியில் அணைவது ஏன்? நம்மூர்க் கண்மாயை நினைக. வண்டல் மேவிய கண்மாயும் மழைக்காலத்தில் நிரம்பி மறுகால் பாயும். கொள்ளும் நீரோ முன்போல் இராது. நூறு என்பது இன்றைய கொள்ளளவின் நூறேயாகும். விண்டோஸ் 8 முதல் கிடைக்கும் மின்கல அறிக்கை, வடிவமைத்த கொள்ளளவையும் இன்றைய முழுக் கொள்ளளவையும் தனித்தனியே காட்டும். முன்னது 48 வாட்-மணியும் பின்னது 24-உம் ஆயின், பாதி தேய்ந்தது தெளிவு. எந்த இயக்கியாலும் அதனை மீட்க இயலாது. முப்பதிலிருந்து திடுமென அணைந்தால் மட்டும், ஒருமுறை முழுதும் ஏற்றி, முழுதும் இறக்கி, மீண்டும் ஏற்றிப் பார்க்கலாம். சில்லின் கணக்கு திருந்துவதுண்டு.

மின்கலம் உப்பியிருந்தாலோ இச்சோதனை எதுவும் வேண்டா. உடனே பயன்பாட்டை நிறுத்துக. இலித்தியம் தீப்பற்றும் இயல்பினது.