துண்டும் பர்வாவும்

இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் வயசாளிகளைக் கேட்டால் 'துண்டு' என்ற சொல்லுக்கு இன்னமும் அர்த்தம் சொல்வார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு ஆள் மாற வேண்டுமென்றால் பழைய தோட்டத்துத் துரை எழுதித் தரும் சீட்டு அது. ஆளின் பேரில் எவ்வளவு கடன் நிற்கிறது, எவ்வளவு கட்டினால் விடலாம் என்று அதில் எழுதியிருக்கும். கடன் தீராமல் துண்டு இல்லை. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட்டு, மறியல். 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

அதே காலத்தில் பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன் தீவின் முத்துக்குளிகாரர்களிடமும் இப்படி ஒரு சீட்டு இருந்தது. அதற்குப் பெயர் பர்வா. இங்கே ஆள் சேர்த்து வந்த கங்காணி, அங்கே நாகுதா, அதாவது படகின் தலைவன். அவனிடம் பட்ட கடன் தீர்ந்ததாகவோ, இன்னும் இவ்வளவு நிற்கிறது என்றோ பர்வா சொல்லும். அது இல்லாமல் வேறு படகில் ஏற முடியாது. வழக்கு என்று போனால், தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தவர்கள் முத்து வியாபாரத்தில் ஊறியவர்கள். எந்தப் பக்கம் தீர்ப்பு வரும் என்று தோட்டத்து ஆளுக்குச் சொல்லத் தேவையில்லை.

பசறை, மடுல்சீமைப் பக்கத்திலிருந்து பெண்கள் வீட்டு வேலைக்குப் போகும் நாடுகளில் பஹ்ரைனும் ஒன்று. நூறு வருடத்துக்கு முன் அங்கே நீதி யார் கையில் இருந்தது என்ற கதை, அந்தச் சீட்டைத் தெரிந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும்.

1783இல் தீவைக் கைப்பற்றிய அல் கலீஃபா குடும்பம் சுன்னி. தீவின் பழைய குடிகளான பஹார்னா மக்கள் ஷியா, பேரீச்சந்தோப்புகளில் உழைத்தவர்கள். 1869 முதல் ஷேக் ஈசா பின் அலி ஆண்டார். ஆண்டது அவர் ஒருவர் மட்டும் என்று சொல்ல முடியாது. குடும்பத்து ஷேக்குகள் தங்கள் தங்கள் கிராமங்களுக்குத் தாங்களே ராஜா, தாங்களே நீதிபதி. ஏவலுக்கு ஃபிதாவி எனப்பட்ட அடியாட்கள். தலைவரி பஹார்னாவுக்கு உண்டு, சுன்னிப் பழங்குடிகளுக்கு இல்லை. கழுதையையும் ஆளையும் கூலியில்லாமல் இழுத்துப் போகும் 'சுக்ரா' என்ற வழக்கமும் இருந்தது. கண்டி ராச்சியத்து ராஜகாரியம் போல என்று சொல்லலாம். ஆனால் ராஜகாரியத்துக்குக் காணியாவது கிடைத்தது.

பிரிட்டிஷார் தீவைத் தம் காலனி என்று அறிவித்ததில்லை. 1861 முதல் ஒப்பந்தங்கள் போட்டு, பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தின் சார்பில் தீவின் முக்கிய ஊரான மனாமாவில் ஓர் ஏஜெண்டை உட்கார வைத்தார்கள். 1919இல் நடைமுறைக்கு வந்த ஆணைப்படி வெளிநாட்டார் வழக்குகள் அவருடைய கோர்ட்டுக்குப் போயின. உள்ளூர்க்காரர் மட்டும் பழையபடி ஷேக்கின் வாசலில். ஒரே கடைத்தெருவில் இரண்டு நீதி.

1921இல் மேஜர் கிளைவ் டேலி ஏஜெண்டாக வந்தார். இரண்டு நீதிக்கும் நடுவிலிருந்த இடைவெளியை பஹார்னா பிடித்துக்கொண்டார்கள். 1922 தொடக்கத்தில் ஃபிதாவிகளின் அத்துமீறலைக் கண்டித்து மனாமாவில் கடைகளை அடைத்தார்கள். மனுக்களோடு ஏஜென்சிக்குப் போனார்கள். துரை வந்து காப்பாற்றட்டும் என்று கைகட்டி நின்றவர்களில்லை. துரையை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கணக்குப் போட்டவர்கள்.

1923 மே மாதம் ஒரு கடிகாரம் திருடு போனது. திருடியது யார் என்ற வாய்ச்சண்டை மனாமா கடைத்தெருவில் பாரசீகர்களுக்கும், மத்திய அரேபியாவிலிருந்து வந்த நஜ்திகளுக்கும் இடையே கலவரமாக வெடித்தது. சூடு கிராமங்களுக்கும் பரவியது. தவாசிர் என்ற சுன்னிப் பழங்குடியினர் ஷியா கிராமங்களைத் தாக்கினார்கள். மே 26ஆம் தேதி, போர்க்கப்பல்களின் துணையோடு வந்த பிரிட்டிஷ் பிரதிநிதி கர்னல் நாக்ஸ், 54 வருடம் ஆண்ட ஷேக் ஈசாவை ஒதுக்கிவிட்டு மகன் ஹமதிடம் நிர்வாகத்தைக் கொடுத்தார். கிழவர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. 1932இல் அவர் இறக்கும்வரை ஹமத் 'துணை ஆட்சியாளர்' தான்.

1924 ஜனவரியில் ஆளும் குடும்பத்தின் ஒரு கிளையினரே சித்ரா கிராமத்தைத் தாக்கிக் கொலை செய்தார்கள். இந்த முறை ஷேக்கின் உறவினர்களே விசாரணைக்கு நிறுத்தப்பட்டுத் தண்டனை பெற்றார்கள். பஹார்னா குடியானவன் வாழ்நாளில் கண்டிராத காட்சி. தவாசிரில் பெரும்பாலோர் கடல் தாண்டி அரேபியக் கரையிலுள்ள தம்மாமுக்குப் போய்விட்டார்கள். முத்துக்குளிகாரன் கணக்கை எழுதிக் காட்டும் புத்தகம் கட்டாயமானது.

இதெல்லாம் நியாய உணர்ச்சியால் மட்டும் நடந்ததா? பஹ்ரைன் தனக்குச் சொந்தம் என்று ஈரான் உரிமை கோரியது. ஷியாக்கள் படும் பாட்டைப் பாரசீகப் பத்திரிகைகள் எழுதின. மறுபக்கம் நஜ்தை ஆண்ட இப்னு சவூதின் செல்வாக்கு தீவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சீர்திருத்தம் பிரிட்டிஷாருக்கு அவசியமாகவும் இருந்தது. அதே 1923 அக்டோபரில் சில சுன்னிப் பிரமுகர்கள் கூடி, ஆலோசனை சபை வேண்டும், முத்துக்குளிப்பு வழக்குகளுக்கு முறையான மன்றம் வேண்டும், ஏஜெண்ட் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்று கேட்டார்கள். ஷேக் ஈசா திரும்ப வேண்டும் என்பதும் கோரிக்கை. தலைவர்களில் இருவரை டேலி பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார். அவர்களை எந்தக் கோர்ட்டிலும் நிறுத்தவில்லை. 1926இல், லண்டன் டைம்ஸ் விளம்பரம் பார்த்து வேலைக்கு வந்த சார்ல்ஸ் பெல்கிரேவ் ஆலோசகரானார். நீதிபதி, போலீஸ் தலைவர், கணக்கர் எல்லாம் அவரே. பழைய ஷேக்குகளைப் பற்றிச் சொன்ன குறையும் இதேதான் அல்லவா?

நீதி கைமாறிய கதை இங்கேயும் உண்டு. மடுல்சீமை மலை விளிம்பில் நின்றால் கீழே விரிவது வெல்லஸ்ஸ. 1815 கண்டி ஒப்பந்தம் நீதி பழைய முறைப்படியே, பழைய அதிகாரிகள் வழியாகவே நடக்கும் என்று சொன்னது. 1817இல் பிரிட்டிஷார் ஒரு சோனகரை முகாந்திரமாக, அதாவது உள்ளூர்த் தலைவராக நியமித்து, அங்கிருந்த சோனகர்களை அவர் கீழ் வைத்தார்கள். கண்டி அரசின் மாகாண அதிகாரியான திசாவையின் அதிகாரம் குறைந்தது. கலகம் மூண்டு அந்த முகாந்திரமும், விசாரிக்கப் போன பதுளை அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார்கள். அடக்கி முடித்த கையோடு 1818 நவம்பர் 21 பிரகடனம் நீதி அதிகாரத்தை வெள்ளை ஏஜெண்டுகள் கைக்கு மாற்றியது. பஹ்ரைனில் 1923இல் நடந்ததற்கு வெல்லஸ்ஸ நூறு வருடம் முந்தி.

அந்த 1923இலேயே, மனாமா ஏஜெண்டுக்குச் சம்பளம் கொடுத்த அதே இந்திய அரசாங்கம், தோட்டத் தொழிலாளர் நலன் பார்க்கக் கண்டியிலும் ஓர் ஏஜெண்டை நியமித்தது. அவரிடம் போர்க்கப்பல் கிடையாது. ஒரு துரையையும் இறக்க முடியாது. மனுவை வாங்கி, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, அறிக்கை எழுதலாம்.

2009இல் பஹ்ரைன், முதலாளியின் சம்மதம் இல்லாமலே வெளிநாட்டுத் தொழிலாளர் வேறு வேலைக்கு மாறலாம் என்று விதி கொண்டுவந்தது. வீட்டு வேலைக்காரர்களை மட்டும் அந்த விதியில் சேர்க்கவில்லை.