வாடும் பூ, காயாத வண்ணம்

காலையில் குவளையில் வைத்த செம்பருத்தி மாலைக்குள் சுருண்டுவிடும். அதன் இதழுக்காகத் தீட்டிய தைல வண்ணமோ, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவே சில நாட்கள் ஆகும். சில நிறங்களுக்கு ஒரு வாரத்துக்கும் மேல். ஆயில் பெயின்டில் பூக்களை வரைந்து, அதையே பிறருக்கும் கற்றுத்தரும் ஓவியரின் நாள் இந்த இரண்டு கடிகாரங்களுக்கு நடுவேதான் கழிகிறது.

கோலார் தங்கவயலில் மூன்றாவது கடிகாரம் ஒன்றும் உண்டு: பெங்களூர் ரயில். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-இல் கால் பதித்து, பின்னர் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. அதன்பின் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிழைப்பு பெங்களூரில். விடியுமுன் கிளம்பி இருட்டியபின் திரும்புகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் தூரிகை பிடிக்க ஞாயிற்றுக்கிழமைதான் வாய்ப்பு.

அந்த வெளிச்சத்திலும் ஒரு சிக்கல். 'வடக்கு ஜன்னலோரம் உட்கார்' என்பது ஐரோப்பியப் பாடம். அங்கே அந்தப் பக்கம் வெயில் விழுவது அபூர்வம். தங்கவயலிலோ ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டித்தான் வெயிலை வடிகட்ட வேண்டும். இரவு வகுப்பும் முழுத் தீர்வல்ல. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர்தான் இது. ஆனாலும் குண்டு பல்பின் ஒளியில் கலந்த மஞ்சள், காலையில் வேறு நிறமாகக் காட்சி தரும்.

பாடத்தின் வரிசையைப் பூவே தீர்மானிக்கிறது. முதலில் வாடுவதை முதலில் தீட்டு, இலை பிறகு, குவளை கடைசியில். அடிப்பூச்சில் டர்பன்டைன், மேற்பூச்சில் எண்ணெய் கூடுதல். மாற்றிச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விடும். மல்லிகையின் நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதே. பக்கத்து இலையின் பச்சை அதில் விழுந்திருப்பதைப் பார்.

இந்த அவசரத்துக்கு டச்சு ஓவியர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். பூக்களைத் தனித்தனியே பயின்று வைத்துக்கொண்டு, ஒரே காலத்தில் பூக்காதவற்றையும் ஒரே குவளையில் சேர்த்தார்கள். அவர்களில் ரேச்சல் ரூயிஷ் (1664-1750) சுமார் 15 வயதில் வில்லெம் வான் ஏல்ஸ்டிடம் பயிற்சிக்குச் சேர்ந்தவர். பத்துப் பிள்ளைகளைப் பெற்று, 80 வயதுக்குப் பிறகும் பூக்களை வரைந்தவர்.

நம் பக்கத்தில் தைல வண்ண வித்தை எளிதில் கைமாறியதில்லை. திருவாங்கூர் அரண்மனை ஓவியரான மதுரை ராமசாமி நாயக்கர், ராஜா ரவி வர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்தார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து சொல்லிக் கொடுத்தார் என்றும் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். இன்று மறைக்க யாருமில்லை. நேரம்தான் இல்லை.

அதனால் ஞாயிறு மாணவருக்கு ஏற்றது சின்ன கேன்வாஸ், ஒற்றைச் சாமந்தி. தண்ணீரில் சில நாட்களாவது தாங்கும் பூ அது. அடுத்த ஞாயிறு வரும்போது வண்ணம் காய்ந்திருக்கும். பூ குப்பைக்குப் போயிருக்கும். மீதியை நினைவிலிருந்துதான் தீட்ட வேண்டும். இருந்த ஒன்றை, அது போனபின் நினைவில் வைத்துக்கொள்வது தங்கவயல்காரர்களுக்குப் பழகிய வேலை.