விடைக்குறிப்பைக் கேள்வி கேட்பவர் யார்?

தேர்வு மையத்தின் வாயிலைத் தாண்டியதுமே அந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. ‘டேட்டா’ என்ற சொல்லுக்குப் பின் ‘இஸ்’ போட்டாயா, ‘ஆர்’ போட்டாயா? பிழை கண்டறியும் வினாவில் எந்தப் பகுதியைத் தேர்ந்தாய்? தேநீர்க் கடையிலும் பேருந்திலும் தொடர்ந்து, இரவு விடுதி அறையில்தான் அது அடங்குகிறது. அந்த வட்டத்தில் யார் குரல் முதலில் தணிகிறது என்பதை நாம் பலமுறை கவனித்திருக்கிறோம். ஆங்கில வழியில் படித்தவர் “இதுதான் சரி” என்கிறார். ஆதிதிராவிடர் நல விடுதியிலிருந்து வந்து, முதல் தலைமுறையாகத் தேர்வெழுதும் மாணவியின் விடை வேறாக இருந்தால், அவர் வாதிடுவதில்லை. தன் விடைதான் தவறாக இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார். பின்னர் இணையத்தில் அதிகாரபூர்வ விடைக்குறிப்பு வெளியாகும்போதும் அதே முடிவோடுதான் அதைத் திறந்து பார்க்கிறார்.

நாம் ஆங்கிலத்துக்கு எதிரானவர்கள் அல்லர். சந்திரபான் பிரசாத் 2010-இல் உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரி மாவட்டத்தில் ஆங்கிலத் தேவிக்கே கோயில் எழுப்ப முனைந்தார். அந்த மொழி ஒடுக்கப்பட்டோருக்கு என்ன கதவுகளைத் திறக்கும் என்பது நமக்குத் தெரியும். நம் கேள்வி வேறு. அந்த மொழியில் எது சரி, எது தவறு என்று தீர்மானிக்கும் தாளைக் கேள்வி கேட்கும் உரிமை நடைமுறையில் யாருக்கு இருக்கிறது?

மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் சி.ஜி.எல். தேர்வை எடுத்துக்கொள்வோம். முதல் நிலையில் 100 வினாக்கள். அவற்றில் 25 ஆங்கிலம். இரண்டாம் நிலையில் ஆங்கிலத்துக்கு மட்டும் 45 வினாக்கள், வினாவுக்கு 3 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். அதாவது, நீங்கள் சரியாக எழுதிய ஒரு விடையை விடைக்குறிப்பு தவறாகக் காட்டினால், உங்களுக்கு இழப்பு 3 அல்ல, 4. மற்றப் பகுதிகளை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். தமிழ்வழி மாணவருக்கு அந்தத் தெரிவும் பயன்படுவதில்லை. கணிதத்திலும் பொது அறிவிலும்கூட அவர் ஆங்கிலத்தைத்தான் எழுதுகிறார்.

இலக்கணம் என்றால் விடை ஒன்றுதானே என்று தோன்றும். அப்படியல்ல. ‘டேட்டா’ இலத்தீன் மூலத்தில் பன்மை. ஆகவே ‘ஆர்’ என்பது பழைய மரபு. இன்றைய அகராதிகள் ஒருமையையும் ஏற்கின்றன. ‘டிஃபரண்ட்’ என்பதற்குப் பின் ‘ஃப்ரம்’ மட்டுமே வரும் என்று பயிற்சி மையங்கள் கற்பிக்கின்றன. பிரிட்டனில் ‘டிஃபரண்ட் டு’ அன்றாட வழக்கு. ‘ஐ’ என்பதோடு ‘ஷல்’தான் வரவேண்டும் என்ற விதியை ஆங்கிலேயர்களே பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். நம் நாட்டில் பல தேர்வர்களின் வேதநூலாக இன்றும் இருப்பது ரென், மார்ட்டின் இருவரும் எழுதி 1930-களில் முதலில் வெளிவந்த இலக்கண நூல். (ரென் காலனிய இந்தியாவின் கல்விப் பணியில் இருந்தவர், பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றிய சாகச நாவல்களால் புகழ்பெற்றவர்.) அந்த நூலைப் படித்தவருக்கு ஒரு விடை, புதிய அகராதியைப் பார்த்தவருக்கு வேறொரு விடை என்றால், இருவரில் ஒருவரை விடைக்குறிப்பு தண்டிக்கிறது. தண்டிக்கப்படுபவர் எப்போதும் அறியாதவராக இருக்கவேண்டும் என்பதில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? அடிப்படைத் தீர்ப்பு, 1983-இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்தது. உத்தரப் பிரதேச மருத்துவ நுழைவுத் தேர்வின் விடைக்குறிப்பு வெளியிடப்பட்டதால்தான் சில விடைகள் தவறு என்பதை மாணவர்களால் காட்ட முடிந்தது; நீதிமன்றமும் மாணவர்களின் பக்கம் நின்றது. ஆனால் அதே தீர்ப்பு ஓர் அளவுகோலையும் வகுத்தது. விடைக்குறிப்பு சரியானது என்றே முதலில் கொள்ளவேண்டும். அது தவறு என்பது ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படையாகத் தெரியவேண்டும். நீண்ட தர்க்கத்தால் நிறுவ முயல்வது போதாது. அத்துறை அறிந்த எவரும் அதைச் சரி என்று சொல்லமாட்டார்கள் என்ற நிலை வேண்டும்.

உத்தரப் பிரதேச ஆசிரியர் நியமனம் தொடர்பான ரண் விஜய் சிங் வழக்கில், 2017 டிசம்பரில், இது மேலும் இறுகியது. ஐயம் எழுந்தால் அதன் பலன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே, தேர்வருக்கு அல்ல என்றது நீதிமன்றம். குற்றவியல் நீதிமன்றத்தில் ஐயத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கேட்டுப் பழகிய எங்களுக்கு, இந்த வரியை முதன்முறை படித்தபோது சற்று நேரம் பிடித்தது. நியாயம் அறவே இல்லை என்று சொல்லமுடியாது: 2009-இல் நடந்த தேர்வு எட்டாண்டுகள் வழக்கில் சிக்கிக் கிடந்தது. ஆனால் அந்தச் சுமை எல்லாத் தோள்களிலும் ஒரே எடையில் இறங்குவதில்லை.

கதவு முழுமையாக மூடப்படவும் இல்லை. 2024 டிசம்பர் 1 அன்று நடந்த கிளாட் சட்ட நுழைவுத் தேர்வில் இரு வினாக்களின் விடைகள் தவறு என்று அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். வழக்கு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வினாக்கள் அமைக்கப்பட்ட பொறுப்பற்ற முறையை அந்த நீதிமன்றமும் கண்டித்தது. வழக்கறிஞரை அமர்த்தி டெல்லிவரை செல்ல முடிந்தவர்களால் அது நடந்தது.

அவ்வளவு தூரம் போகாதவர்களுக்கு இருப்பது ஆட்சேபணை வழி. தற்காலிக விடைக்குறிப்பும், தேர்வர் தேர்ந்த விடைகளின் பதிவும் இணையத்தில் ஏற்றப்படுகின்றன. சில நாள்களுக்குள், வினா ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, ஆதாரத்தோடு எதிர்க்கலாம். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் வினாவுக்கு 100 ரூபாய் வாங்கிவந்தது. 2025-இல் 50 ஆகக் குறைத்தது. தேசியத் தேர்வு முகமை நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகளுக்கு 200 ரூபாய் வாங்குகிறது. கிளாட் தேர்வில் 1,000 ரூபாய். கிளாட்டில் ஆட்சேபணை ஏற்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கப் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அந்த விலக்கு விண்ணப்பத்தோடு முடிந்துவிடுகிறது. ஆட்சேபணைக்கு எல்லோருக்கும் ஒரே கட்டணம். தேர்வெழுத ஒருவருக்கு வசதியில்லை என்று ஒப்புக்கொள்ளும் அரசு, தேர்வில் நேர்ந்த தன் பிழையைச் சுட்டிக்காட்ட மட்டும் அவருக்கு வசதி உண்டு என்று எப்படிக் கருதுகிறது? இந்தக் கட்டண விலக்கைக் கோரிக்கையாக எழுப்பவேண்டிய காலம் கடந்துவிட்டது என்பது நம் கருத்து.

ஒரு மத்திய அரசுத் தேர்வை எழுதிய மாணவி ஒருவர் எங்களிடம் வந்தார். அவருக்கு இரண்டு ஆங்கில வினாக்களில் ஐயம். கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது. எதை எதிர்ப்பது என்று கேட்கவே வந்திருந்தார். ஒன்றைத் தேர்ந்து, அகராதிப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்தோம். இறுதி விடைக்குறிப்பில் அந்த வினா மாறவில்லை. அவர் விட்டுவிட்ட மற்றொன்று மாறியிருந்தது: முகம் தெரியாத யாரோ ஒருவர் பணம் கட்டியிருக்கிறார்.

நாங்கள் கற்றுக்கொண்டது அந்த இடத்தில்தான். ஓர் ஆட்சேபணை ஏற்கப்பட்டால் விடைக்குறிப்பு அந்த வினாவை எழுதிய அனைவருக்கும் மாறுகிறது. ஆகவே, ஒரே விடுதியில் ஒரே வேளையில் தேர்வெழுதிய பத்துப் பேருக்கு ஒரே வினாவில் ஐயம் என்றால், பத்துக் கட்டணம் தேவையில்லை. பணத்தைச் சேர்த்து, வினாக்களைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொன்றாக எதிர்க்கலாம். வேளைக்கு வேளை வினாத்தாள் வேறு என்பதால், யார் எந்த வேளையில் எழுதினார்கள் என்பதை அன்றே குறித்துவைப்பது நல்லது. ஆதாரமாகப் பயிற்சி மையத்தின் காணொளியைத் தராதீர்கள். பெயர் பெற்ற அகராதியின் பக்கமோ, இலக்கண நூலின் பக்கமோ வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தேர்வு வேளைகள் முடியுமுன் வினாக்களைச் சமூக ஊடகங்களில் அலசுவோரை, 2024-ஆம் ஆண்டின் பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டத்தைச் சுட்டி, 2025 செப்டம்பரில் பணியாளர் தேர்வாணையம் எச்சரித்தது. அச்சட்டம் தேர்வர்களைத் தண்டிக்க வந்ததன்று என்பதை மசோதாவின் நோக்க உரையே சொல்கிறது. ஆயினும், கடைசி வேளை முடியும்வரை பொதுவெளியில் எதையும் பதிவிட வேண்டாம். அதுவரை குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்: வினா எண் நினைவில்லாவிட்டாலும் வாக்கியம், நான்கு தெரிவுகள், நீங்கள் தேர்ந்தது, ஏன் தேர்ந்தீர்கள். விடைக்குறிப்பு வரும் நாளில், அந்தக் குறிப்பேட்டோடு நம் சட்ட உதவி மையங்களுக்கு வாருங்கள்.